படியும் பங்கும்

எங்கள் பக்கத்தில் அதற்குச் சீனிக்கிழங்கு என்று பெயர். சர்க்கரைவள்ளி என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில்தான் முதலில் படித்தேன். திருநெல்வேலிச் சீமையில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வரும். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சீனிக்கிழங்கு. உடன்பிறந்தவன் அதைக் கொண்டுவந்து இறக்குவதைத் தெரு பார்க்க வேண்டும். படி வராத பெண்ணைத் தெரு வேறு மாதிரிப் பார்க்கும்.

அப்பா இறந்து ஓராண்டு கழித்து, 2009இல், அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டினான். “கையெழுத்துப் போட்டுரும்மா. படி என்னைக்கும் வரும்” என்றான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமான பெண்களுக்கு அது கிடையாது. எனக்கோ அப்போது ஒன்பது வயது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். பெண்ணெழுத்தை ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் போட்டேன். சொத்துக்கு அலைகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற பயம், படித்த படிப்பைவிடப் பெரிதாக இருந்தது.

பத்திர ஆபீசிலிருந்து திரும்பியதும் அம்மா என்னை வயலுக்குக் கூட்டிப்போனாள். ஒன்றும் பேசவில்லை. சீனிக்கிழங்குக் கொடியில் நுனிப்பக்கமாகச் சில துண்டுகள் நறுக்கினாள். ஒவ்வொன்றிலும் நாலைந்து கணு. ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டையில் வைத்துக் கட்டித் தந்தாள்.

மதுரையில் என் வீட்டுக் கொல்லையில் அந்தக் கொடி இன்னும் இருக்கிறது. முதல் ஆண்டு பிரியத்தில் எருவையும் யூரியாவையும் அள்ளிக் கொட்டினேன். இலை காடாக மண்டியது. கீழே பென்சில் கனத்துக்கு வேர்கள். “உரத்தைக் குறைட்டீ, வெயில் விழுற இடத்துல பார் போடு” என்றாள் அம்மா போனில். அடுத்த புரட்டாசியில் ஓரடி உயரத்துக்கு மண்ணைக் குவித்துப் பார் போட்டேன். நடுக்கணுக்கள் மண்ணுக்குள் போக, இரண்டு முனையும் வெளியே தெரிய நட்டேன். ஒரு மாதம் போனதும் படர்ந்த கொடியைத் தூக்கித் திருப்பிவிட வேண்டும். விட்டால் தொட்ட இடமெல்லாம் வேர்பிடித்து, அடிக்கிழங்கு சிறுத்துவிடும். மண் வெடித்தால் கூன்வண்டு இறங்கும். வெடிப்பை மூடி மண் அணைக்க வேண்டும். தையில் இலை பழுக்கும்போது தோண்டலாம். அன்றே அவித்தால் சப்பென்றிருக்கும். ஒரு வாரம் நிழலில் கிடந்தால் இனிப்பு ஏறும். நுனிக்கொடியை ஒடித்து ஒரு மூலையில் ஊன்றி வைத்தால் அடுத்த போகத்துக்கு ஆயிற்று.

பெண்ணைக் கொடி என்று எழுதாத கவிஞர்கள் குறைவு. கொடி என்றதும் கொழுகொம்பும் பின்னாலேயே வந்துவிடும். நானும் அதை அப்படியே பாடம் நடத்தியிருக்கிறேன். சீனிக்கிழங்குக் கொடிக்குக் கொம்பு வேண்டாம். அது தரையிலேயே நடந்துபோகும். அதற்கு வேண்டியது மண்.

பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளையும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்று 109ஆம் பாட்டில் சொல்கிறார். அதில் வள்ளிக்கிழங்கும் ஒன்று. அது காட்டு வள்ளி. என் கொல்லையில் இருப்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த வேறொரு கிழங்கு. வந்த இடத்தில் அதற்குப் பழைய பேரையும் கொடுத்தார்கள், மண்ணையும் கொடுத்தார்கள். கிழங்குக்குக் கொடுத்தார்கள்.

படி நான்கு வருடம் வந்தது. பிறகு ஐந்நூறு ரூபாயாக வந்தது. இப்போது போனில் வாழ்த்து வருகிறது. அண்ணன் கெட்டவன் இல்லை. ஊர் வழக்கப்படி நடந்தான்; அதில் அவனுக்கு நட்டம் எதுவும் இல்லை.

போன தையில் அம்மா வந்திருந்தாள். முழங்கால் வலியோடு பாரருகே உட்கார்ந்து, கிழங்கில் கீறல் படாமல் அவளே தோண்டினாள். தோண்டிக்கொண்டே சொன்னாள்: “இது எங்கம்மை வீட்டுக் கொடிட்டீ. எங்க அண்ணன் கேட்டாகன்னு கைநாட்டு வச்சுட்டுக் கெளம்பும்போது, எங்கம்மை ஒடிச்சுக் குடுத்தா.”

அதுவரை அந்தக் கொடியை அம்மாவின் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இரண்டு தலைமுறை விட்டுக்கொடுத்த நிலத்துக்கு அதுதான் ரசீது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று அவித்த கிழங்கு எனக்கு இறங்கவில்லை.

இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. மகளுக்கும் மகனுக்கும் சமமாக உயில் எழுதிவிட்டேன். மகளுக்குப் பதினாறு வயது. அவளிடம் சொல்லியிருக்கிறேன்: யார் காகிதம் நீட்டினாலும், உன் தம்பியே நீட்டினாலும், உட்கார்ந்து முழுசாக வாசி. பிடிக்கவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வா. கொடி வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் ஒடித்துக்கொள். அதற்குக் கையெழுத்து எதுவும் வேண்டாம்.