பொண்ணுங்க மட்டும் எங்கே போயிட்டாங்க?

2018 தீபாவளி. படாளத்தில் அந்த வீட்டில் அதிரசத்தட்டு நடுவில் இருக்க, எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சன் டி.வி.யில் ‘96’. அக்டோபர் 4-ம் தேதி தியேட்டருக்கு வந்த படம் அது. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறதே, கொஞ்சம் தள்ளிப்போடக் கூடாதா என்று த்ரிஷாவே ட்விட்டரில் கேட்டுப் பார்த்தார். டி.வி.க்காரர்கள் கேட்கவில்லை. அதனால்தான் தியேட்டர் பக்கமே போகாத மாமியாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்.

படம் முடிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு.

“அந்த சிங்கப்பூர் புருஷன் பாவம்டி. அவன் பாட்டுக்கு அங்கே வேலை பார்த்துட்டு இருக்கான். இவ இங்கே ராத்திரி பூரா ஊர் சுத்துறா” என்றார் கணவர்.

“அதான் எதுவும் நடக்கலையே. அந்தப் பையன் தங்கமான பையன்” என்றார் மாமியார்.

எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வேறு சந்தேகம். “அவ காலேஜுக்கே போயிட்டான் இல்ல? யாரோன்னு நினைச்சு அவ வெளியே வரல. சரி, மறுநாள் ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

போன் இல்லாத காலத்தை அந்தப் பிள்ளைக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது.

அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளும் 96-ல் பத்தாவது முடித்தவள்தான். தஞ்சாவூரில் இல்லை, செங்கல்பட்டில். தினமும் காலையில் படாளம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் படித்தாள். ராம் மாதிரி யாரும் அவள் கதையில் கிடையாது. அதைக் கணவரிடம் சத்தியம் செய்துகூடச் சொல்லலாம். ஆனால் படத்தில் தேவதர்ஷினி வரும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. ஜானுவின் கூடவே இருக்கும் தோழி சுபாவாக வருவாரே, அவர்தான். சின்ன வயசு சுபாவாக நடித்தது அவருடைய சொந்த மகள் நியதி. அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கும்போது அவளுக்கு ஒரே ஒருத்தி ஞாபகம்தான் வந்தது.

சைக்கிள் பொண்ணு. அந்த வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். வேடந்தாங்கல் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்து, இவள் வீட்டுத் திண்ணையோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். கரும்பு சீசனில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். போகிற போக்கில் ஒரு கழியை உருவிக்கொண்டு போவதும் உண்டு. ரயிலில் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை வரும். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் அன்றைக்குச் சண்டை கிடையாது, இரண்டு பேரும் கதவோரம் நின்றுவிடுவார்கள். இதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பதினைந்து வயசு சிநேகத்தில் வேறென்ன இருக்கும்?

பத்தாவதில் சைக்கிள் பொண்ணுதான் அதிக மார்க். இவள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை கொடுக்க அவளே வந்தாள், அதே சைக்கிளில். “நீ வரலைன்னா மணையிலேயே உட்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு இவளுக்குப் பரீட்சை. அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். போகவில்லை. அப்புறம் போய்ப் பார்க்கலாம், எழுதலாம் என்று நினைத்ததும் நடக்கவில்லை.

தீபாவளிக்கு அடுத்த இரண்டு மூன்று மாதத்தில், தமிழ்நாட்டில் பாதி ஊர்களில் நடந்தது அவளுக்கும் நடந்தது. பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். படத்திலும் அப்படித்தானே, வாட்ஸ்அப் குழுவில்தானே சந்திப்புக்கே நாள் குறிக்கிறார்கள்! பொதுப்பெயர் வைக்க யோசித்தே பார்க்காமல் ‘96 பேட்ச்’ என்று பெயர். யாரோ அவள் நம்பரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள். தேடுவது பெரிய வேலையாக இருந்திருக்காது. அவள் அத்தை மகனையே கட்டிக்கொண்டவள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. படாளத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

குழுவில் 34 பேர். எண்ணிப் பார்த்தாள். 29 பையன்கள், 5 பெண்கள். வகுப்பில் பெண்கள் 26 பேர் இருந்தார்கள்.

“மத்த பொண்ணுங்க எல்லாம் எங்கே?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

“ட்ரேஸ் பண்ண முடியல மச்சி” என்று பதில் வந்திருந்தது.

எப்படி முடியும்? பையன் என்றால் அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் மாறாமல் இருக்கும். வெளியூர் போனாலும் பொங்கலுக்கு அந்தத் தெருவுக்கு வருவான். பெண்ணுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது. புருஷன் பெயர் தெரியாவிட்டால் அவளை எங்கே போய்த் தேடுவது? பிறந்த வீட்டில் போய்க் கேட்கலாம். அதற்கு முதலில் அந்த வீடு அங்கேயே இருக்க வேண்டும்.

‘96’-ஐப் பார்த்து அழுதவர்கள் அத்தனை பேரும் ராமும் ஜானுவும் ஏன் சேரவில்லை என்றுதான் பேசினார்கள். சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். சேராததால்தான் காவியம் என்றார்கள் சிலர். ஜானு அணிந்த மஞ்சள் குர்தா கடைகளில் தனியாக விற்றது. ஜானுவுக்கு 22 வருஷம் கழித்தும் ஒரு சுபா கிடைத்தாளே, அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று யாரும் பேசிய மாதிரி தெரியவில்லை.

குழுவின் சந்திப்புக்கு அவள் போகவில்லை. வீட்டில் கேட்டாள். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “போறதுன்னா போ” என்றார். அந்த ‘போறதுன்னா’வில் சிங்கப்பூர் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவள் அதற்கு மேல் பேசவில்லை.

அப்போது மாமியார் சொன்னதுதான் வேடிக்கை. “நீ ‘ஆட்டோகிராப்’ படத்தை எத்தனை வாட்டி பார்த்திருப்பே?” என்று மகனைக் கேட்டார். 2004-ல் சேரன் எடுத்த படம். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, பழைய காதலிகளின் ஊருக்கெல்லாம் போய்க் கொடுக்கிற கதை. கணவருக்கு உயிர். தியேட்டரிலேயே மூன்று தடவை. “அவன் பத்திரிகை வெச்சா கண்ணுல தண்ணி விடுவே. அதையே ஒரு பொம்பள போய் வெச்சா?” என்றார். கணவர் டிராக்டருக்கு டீசல் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. கொரோனா வந்தது, போனது. வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பிறகு மகள் கல்லூரிக்குப் போனாள். ஆங்கில இலக்கியம். அவளும் படாளத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டு போகிறவள்தான். ஒரு நாள் நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தாள். அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்ச்சி 1990-ல் எழுதிய ‘சர்க்கிள் ஆஃப் ஃபிரண்ட்ஸ்’. நாவல் 1995-ல் படமாகவும் வந்திருக்கிறது, பேட் ஓ’கானர் இயக்கத்தில். புத்தகத்தை முடித்த கையோடு போனில் படத்தையும் போட்டாள். அம்மாவையும் ஆயாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள்.

1950-களின் அயர்லாந்து. பென்னி, ஈவ், நான் என்று மூன்று தோழிகள். பென்னி வளர்ந்தது நாக்க்ளென் என்கிற சின்ன ஊரில். அப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். டப்ளின் நகரத்தில் காலேஜ். ஆனால் விடுதியில் தங்க வீட்டில் விட மாட்டார்கள். தினமும் பஸ்ஸில் போய், பஸ்ஸில் திரும்ப வேண்டும். மற்றவர்களுக்கு நடனம், பார்ட்டி எல்லாம் ஆரம்பிக்கிற நேரத்தில் இவள் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

“அங்கேயும் இதே கதைதானா!” என்றாள் அம்மா.

கடையில் வேலை பார்க்கிற ஷான் வால்ஷ் என்பவன் பென்னியைக் கல்யாணம் செய்துகொள்ள அலைகிறான். அவனைத் திரையில் பார்த்ததுமே ஆயா கண்டுபிடித்துவிட்டார். “இவன் பொண்ணையா பார்க்கிறான்? கடையைப் பார்க்கிறான்” என்றார். ஆயாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. “சர்ச்சு, கடைத்தெரு, பஸ்ஸு, அவன் வீட்டுக் கதை இவன் வீட்டுக்குப் போறது. நம்ம ஊருதான். மழைதான் அங்கே ஜாஸ்தி” என்றும் ஒரு விமர்சனம் சொன்னார்.

பென்னி கொஞ்சம் பருமனான பெண். தன்னை யார் விரும்புவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவள். காலேஜில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற ஜாக் அவளை விரும்புகிறான். அப்புறம் பென்னியின் அப்பா திடீரென்று இறந்துபோக, அவள் ஊரிலேயே கிடக்க வேண்டியதாகிறது. அந்த நேரத்தில்தான் நான், வேறொருவனால் வந்த கர்ப்பத்தை ஜாக் தலையில் கட்டப் பார்க்கிறாள். கூடவே இருந்த தோழி! ஆயா நானைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கடைசியில் உண்மை தெரிகிறது. படத்தில் பென்னி ஜாக்கை மறுபடி ஏற்றுக்கொள்கிறாள். அங்கேதான் மகளுக்குக் கோபம்.

“புக்குல இப்படி இல்லம்மா. அவனைச் சேர்த்துக்கவே மாட்டா. அவன் திரும்பி வருவான். இவளுக்கு அவன் மேல அந்த ஆசையே போயிருக்கும். ஃபிரண்ட்ஸுல அவனும் ஒருத்தன், அவ்வளவுதான். இங்கே பாரு, கட்டிப்பிடிச்சு முடிச்சுட்டாங்க.”

“மன்னிச்சுட்டா. நல்லதுதானே?” என்றார் ஆயா.

“ஆயா, புக்கோட பேரே நண்பர்கள் வட்டம். கதையே அந்தப் பொண்ணுங்களைப் பத்திதான். படம் எடுத்தவங்க லவ் ஸ்டோரியா ஆக்கிட்டாங்க.”

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். “உன் ஃபிரண்ட்ஸ் யாரும்மா? நீ யாருக்கும் போன் பண்ணி நான் பார்த்ததே இல்லையே.”

45 வயதில் அந்தக் கேள்விக்கு அவளிடம் சட்டென்று பதில் இல்லை. ஓரகத்தி இருக்கிறாள், எதிர்வீட்டுக்காரி இருக்கிறாள், மகளிர் குழுவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். மகள் கேட்டது அவர்களை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சைக்கிள் பொண்ணைப் பற்றிச் சொன்னாள். கல்யாணத்துக்குப் போகாததையும் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் காதில் அது விழுந்தது.

“யாரு, சைக்கிள் பொண்ணா? அவங்க அண்ணன் ரெண்டு சீசன் முன்னாடி வரைக்கும் ஆலைக்குக் கரும்பு போட்டுட்டு இருந்தாரே. என் வண்டியிலதானே லோடு ஏத்துவோம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “இத்தனை வருஷமா ஏன் மாமா சொல்லல?”

“நீ எப்போ கேட்டே?”

உண்மைதான். அவள் கேட்டது சந்திப்புக்குப் போகட்டுமா என்று. யாரைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அவள் சொல்லவே இல்லை. அவரும் 29 பையன்களை நினைத்துக்கொண்டாரே தவிர, வராமல் போன 21 பெண்களில் ஒருத்தி இருக்கலாம் என்று நினைக்கவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது?

மறுநாள் அவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். அண்ணன் பழைய நம்பரில் இல்லை. கிராமத்துக்கே வண்டியை விட்டார். அவர்கள் நிலத்தில் பாதியை விற்றுவிட்டு, மீதியில் நெல் போடுகிறார்களாம். சாயங்காலம் திரும்பி வந்து, ஆலை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிய நம்பரை நீட்டினார். “உத்திரமேரூர் தாண்டி ஒரு ஊராம். பேசு” என்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். அந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டியாகிவிட்டது என்பது அவருக்கே தெரியும்.

போனை எடுத்தது ஒரு சின்னப் பெண் குரல். “அத்தை கழனிக்குப் போயிருக்காங்க. யாருன்னு சொல்லட்டும்?”

சைக்கிள் பொண்ணுக்கு மருமகளே வந்துவிட்டாள்! தன் பெயரைச் சொன்னால் தெரியுமா என்று இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “படாளம்னு சொல்லும்மா. ரயில்ல ஒண்ணாப் போனவன்னு சொல்லு.”

ராத்திரி எட்டு மணிக்கு அங்கிருந்தே போன் வந்தது. முதலில் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் மூட்டு வலி, பேரன், மழை, விலைவாசி என்று எல்லாம் வந்தது. கல்யாணத்துக்கு வராததைப் பற்றி இவள்தான் எடுத்தாள்.

“மூணு வருஷம் கோவமா இருந்தேன்டி. எதிர்ல வந்தா பேசக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். அப்புறம் பசங்க பொறந்துச்சு, மறந்துட்டேன்.”

“பரீட்சைடி அன்னிக்கு.”

“தெரியும். கணக்குப் பரீட்சை. நான் பாலுக்கும் பழத்துக்கும் நடுவுல அதைத்தான் நினைச்சுட்டு இருந்தேன், இந்நேரம் கணக்கு எழுதிட்டு இருப்பேன்னு.”

இவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, “‘96’ படம் பார்த்தியா?” என்று கேட்டாள்.

“டி.வி.ல பார்த்தேன். பாதியில கரன்ட் போயிடுச்சு. அந்தப் பையன் வீட்டுக்கு அவ போற வரைக்கும்தான் தெரியும். அப்புறம் யாரையும் கேட்கவும் இல்ல. கடைசியில சேர்ந்தாங்களா, இல்லையா?”

படத்திலும் அந்த இடத்தில்தான் கரன்ட் போகும். ஜானு ‘தளபதி’ பாட்டைப் பாடுவது அந்த இருட்டில்தான். இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அங்கிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.