சேஷாசலத்தில் ஒரு மழை நாள்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுள் திருப்பதி செல்லாதன மிகச் சிலவே. ஆயினும் மலைமேல் தரிசனம், லட்டுப் பிரசாதம், மறுநாளே சென்னைக்குத் திரும்புதல் என்று அந்த யாத்திரை முடிந்து விடுகிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தைக் காடாகக் கண்டு வருவோர் அரியர்.

சென்ற ஐப்பசியில் நானும் என் மனைவியும் மக்கள் இருவரும் அவ்வாறு காணப் புறப்பட்டோம். திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் சென்றால் தலகோனை. 1989இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவைச் சேர்ந்த பகுதி அது. அன்றிரவு கூடாரத்தில் தங்குவதென்பது பிள்ளைகளின் பேராசை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்கு இசைந்தது என் பேதைமை. நண்பகலுக்குள் வானம் இருண்டு மழை கொட்டலாயிற்று.

எங்களுக்குத் துணையாக வந்த வழிகாட்டி சித்தூர்ப் பக்கத்தவர், முதியவர், தெலுங்கு கலந்த இனிய தமிழ் பேசினார். “இந்த மழையில் மானும் வராது, சிறுத்தையும் வராது ஐயா. சின்னதாகப் பாருங்கள்,” என்றார்.

சின்னதாகவே பார்த்தோம். மலையணில் ஒன்று நீண்ட வாலைத் தன் முதுகின்மேல் குடைபோல் கவித்துக்கொண்டு கிளையில் அமர்ந்திருந்தது. ஆள் தொடைப் பருமனுள்ள காட்டுக்கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடந்தன. ஓடைக்கரைப் பாறையிடுக்கில் கைவிளக்கைச் செலுத்தியபோது மஞ்சட் பொன்னாக மின்னிற்று ஒரு பல்லி! தெலுங்கர் அதனைப் ‘பங்காரு பல்லி’ என்கின்றனர். 1870இல் பெடோம் என்னும் வன அதிகாரி இத்திருப்பதி மலைகளிலிருந்தே அதனை அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். “காஞ்சீபுரம் கோயிலில் தொட்டோமே, அந்தத் தங்கப் பல்லி உயிரோடு இருக்கிறது!” என்று என் மகள் கூவினாள்.

மாலையில் விடுதித் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். எதிரே சில மரங்கள் நனைந்து கருத்து நின்றன. பட்டை முதலைத் தோல்போல் வெடித்திருந்தது. அவையே செம்மரங்கள். சந்தனம் என்று பெயர் சேர்ந்தும் மணமில்லாதவை. வெட்டினால் குருதிபோல் செந்நீர் வடிப்பவை. உலகில் இவை இயல்பாக வளர்வது பெரும்பாலும் கடப்பை, சித்தூர் சார்ந்த இம்மலைகளில்தான். அதனாலேயே கடல் கடந்த நாடுகளில் கொள்ளை விலை, அதனாலேயே களவு.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் இம்மலைத் தொடரில் போலீசாரின் துப்பாக்கிக்கு இருபது தமிழர் இரையாயினர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் கூலியாட்கள். அவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுவந்து கொன்றனர் என்றனர் மனித உரிமையாளர். மரத்தால் செல்வம் சேர்த்தவன் எவனும் அன்று காட்டில் இல்லை. கூலியை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் என்ற அளவில் அவர்கள் நமக்கு அயலாரா? தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிற் பலர் அல்லரோ!

வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கள் வீட்டிலும் தமிழ்தான் ஐயா,” என்று மட்டும் கூறி எழுந்து சென்றார்.

இரவு கூடாரத்தில் படுத்தோம். பத்து மணிக்குள் அடியில் நீர் புகுந்தது. போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கே ஓடினோம். விடியும்வரை தவளைகளின் கச்சேரி. உறங்கியவன் என் மகன் ஒருவனே.

காலையில் மழை விட்டிருந்தது. 270 அடி உயர அருவி செம்மண் நிறத்தில் இடிபோல் முழங்கிற்று. வெள்ளம் தணியாததால் அருகே செல்ல வழிகாட்டி இசையவில்லை. மாறாக, சரிந்து கிடந்த எங்கள் கூடாரத்தருகே அழைத்துச் சென்று ஈரமண்ணைக் காட்டினார். ஐந்து விரலும், அவற்றின் முன்னே நீண்ட நகக் குறிகளும் தெளிவாகப் பதிந்திருந்தன. கரடி! நாங்கள் விட்டுச் சென்ற ரொட்டிப் பொட்டலத்தைக் காணவில்லை.