மருமகனின் இணையத்தளம்

தம்புள்ளையில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் என் தமக்கையின் மகன், தன் இணையத்தளத்துக்கு வாசகம் எழுதித் தரும்படி கேட்டிருந்தான். வடிவமைப்பாளர் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். முகப்பு முழுவதும் சீகிரியாக் குன்று தோன்றித் தோன்றி மறைகிறது. அறை வாடகையைக் காணோம், வரும் வழியையும் காணோம்.

யார், எங்கே, எப்போது என்பவற்றை முதற் பந்தியிலேயே சொல்லிவிடுவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே, தொலைபேசியில் விருந்தினர் கேட்பவற்றை ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னேன். தம்புள்ளைக்குப் புகையிரதம் உண்டா என்பதே அதிகம் வந்த கேள்வி. இல்லை, கண்டியிலோ ஹபரணையிலோ இறங்கிப் பேருந்தில் வரவேண்டும். குன்றின் படத்துக்கு மேலே இந்த வரியைப் போடச் சொன்னேன்.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று விசாரித்தால், வடிவமைப்பாளர் பெயரிலாம்! காணியை வாங்கிவிட்டு உறுதியைப் பிறர் பெயரில் முடிப்பவர் உண்டா? அதை உடனே மாற்றச் செய்தேன். வாடகை மாறும்போது தானே திருத்தும் வசதியையும் கேட்டுப் பெறச் சொன்னேன்.

தளத்தில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டுமே இருந்தன. "தமிழில் யார் மாமா பார்க்கப்போகிறார்கள்?" என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் கண்டிக்குப் போகும் குடும்பங்கள் அவன் ஊரைக் கடந்துதானே போகின்றன! திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியும் அங்கேதான் சந்திக்கிறது. '.இலங்கை' எனத் தமிழிலேயே முடியும் முகவரிகூட 2010இல் வந்துவிட்டது.

தமிழ்ப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்ற கேள்விக்கு மட்டும் மருமகனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.