அஞ்சு மோடு டார்ச்சும் அப்பாவும்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் பெரிய தலைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுதப்போவது வெறும் டார்ச் லைட்டைப் பற்றி. சிரிக்காதீங்க.

எங்கப்பா எடமலைப்பட்டி புதூரில் ஒரு குடோனுக்கு ராத்திரி வாட்ச்மேன். பல வருஷமாக அவர் கையில் இருந்தது எவரெடி பித்தளை டார்ச், 'ஜீவன் சாத்தி'. ரெண்டு பெரிய பேட்டரிக் கட்டை, ஒரு குண்டு பல்பு. ஸ்விட்சை மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும். அவ்வளவுதான்.

போன லீவில் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடையில் வேலை பார்த்த காசில், ஜங்ஷன் பக்கம் புது எல்.இ.டி டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சார்ஜ் போடுகிற மாடல். ஒரே பட்டன், அஞ்சு மோடு! பெரிய வெளிச்சம், நடுத்தரம், சின்னது, படபடவென்று மின்னுவது, கடைசியாக எஸ்.ஓ.எஸ். அந்த எஸ்.ஓ.எஸ் 1906-ல் பெர்லின் மாநாட்டில் கப்பல்காரர்களுக்காக ஏற்றுக்கொண்ட ஆபத்துக் குறி. எங்க கோரையாற்றில் எந்தக் கப்பல் வரப்போகுதோ, தெரியலை.

ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி குடோன் பின்னாடி சரசரவென்று சத்தம். அப்பா டார்ச்சைப் போட்டிருக்கிறார். பாம்பு. இன்னும் வெளிச்சம் வேண்டுமென்று பட்டனை அமுக்க, வெளிச்சம் குறைந்துவிட்டது. பதறி மறுபடி மறுபடி அமுக்க, மின்ன ஆரம்பித்துவிட்டது. மின்னுகிற வெளிச்சத்தில் பாம்பு நகருதா, நிற்குதா என்றே தெரியாது. தடியைத் தரையில் தட்டிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். அதுவாகப் போய்விட்டது.

காலையில் வந்து, "பாம்பு எங்கடான்னு பார்த்தா, இது என்னைப் பார்த்துக் கண்ணடிக்குதுடா" என்றார். அம்மா, தங்கச்சி எல்லோரும் சிரித்தோம். அப்புறம் மெதுவாக, "நான் படிக்காதவன்ல, எனக்கு அமுக்கத் தெரியலை" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வாட்சை வைத்துக்கொண்டு அந்தப் பட்டனைச் சோதித்தேன். எரிய ஆரம்பித்து அஞ்சு செகண்டுக்குள் அமுக்கினால் அடுத்த மோடு. அதுக்கப்புறம் அமுக்கினால் அணைந்துவிடும். ஒரே பட்டன், ஒரே அமுக்கு, ரெண்டு அர்த்தம்! இது டப்பாவில் எங்கும் எழுதியில்லை. டிரிபிள் ஈ படிக்கிற எனக்கே அரைமணி நேரம் ஆச்சு.

பிரித்துப் பார்த்தால் உள்ளே அரிசி அளவு ஒரு சிப். வெளிச்சத்தைக் குறைக்க அது எல்.இ.டியை செகண்டுக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்துப் போடுகிறது. நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. அதையே செகண்டுக்குப் பத்துத் தடவை என்று மெதுவாகச் செய்தால் மின்னல்! சிப்புக்கு ரெண்டும் ஒன்றுதான், ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதனால் மோடு சேர்ப்பது செய்கிறவனுக்குச் சும்மா. இன்னொரு ஸ்விட்ச் வைப்பதுதான் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடித்து, இருட்டில் நிற்கிற மனுஷன் தலையில் கட்டிவிட்டார்கள். நீல எல்.இ.டிக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பட்டனில்தான் கோளாறு.

சார்ஜ் ஆகிற பாகத்தை அப்படியே விட்டேன். லித்தியம் செல்லில் விளையாடக் கூடாது. எல்.இ.டிக்குப் போகிற வயரை மட்டும் சிப்பிலிருந்து பிரித்து, ஒரு தள்ளு ஸ்விட்ச் வழியாகக் கொடுத்தேன். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட், எல்.இ.டிக்கு 3.2 வோல்ட், கரண்ட் 0.3 ஆம்பியர். மீதி ஒரு வோல்ட்டுக்கு 3.3 ஓம், அரை வாட் ரெசிஸ்டர். ஸ்விட்சுக்காக அரம் போட்டு ஓட்டை பண்ணியதில் மழைத்தண்ணி இறங்காத குணம் போச்சு. பசை வைத்து அடைத்திருக்கிறேன். நிற்குமா என்பது அடுத்த மழையில் தெரியும்.

"செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்குமே" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். உண்மைதான். அப்பாவிடம் சொன்னேன். "அதான்டா நல்லது. தீரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடும்ல" என்றார்.

வீட்டு லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தார். மேலே, கீழே, மேலே, கீழே. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குச் சைக்கிளை எடுத்தவர், திரும்பி வந்து ஆணியில் தொங்கிய பித்தளை டார்ச்சையும் எடுத்துக்கொண்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.