சாமைக் கணக்கு

நான் பி.காம்.! டெபிட், கிரெடிட் எல்லாம் தண்ணி பட்ட பாடு என்று ஒரு மிதப்பு. ஜவ்வாது மலையில் அது இறங்கியது.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளி. மூன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழக அரசு 2022-ல் ஆரம்பித்த ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பு. தரையில் வட்டமாக வாண்டுகள், நடுவில் சாமை. படியால் அளந்தால் கணக்கு. பெயரை எழுதினால் தமிழ். எப்போ விதைப்பு என்றால் சூழ்நிலையியல். முடிவில் பாட்டு.

“சார், ஒரு படி விதைச்சா எத்தனை படி வரும்?” என்றாள் ஒரு வாண்டு.

சமாளித்தேன். “விலையைக் கேளு, கணக்குப் போட்டுச் சொல்றேன்!”

“அது கடைக்காரருக்குத்தான் தெரியும். எங்கப்பாவுக்கே தெரியாது.”

சிரிப்பு நின்றுபோச்சு. டீச்சர் எழுந்து கரும்பலகையில் எழுதினார்: ‘நாளைய கணக்கு - ஒரு படி என்ன விலை?’

இந்தப் பொண்ணு வளரட்டும். கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்!