காலடியில் கரி

ஞாயிறு

எண்ணூரில் மகள் வீடு. பேத்திக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்கிறாள். கை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். “இன்னாம்மா, புள்ள இன்னும் நடக்கல?” என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டதிலிருந்து மகளுக்குத் தூக்கமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்கைச் சொன்னேன்: ஆரோக்கியமான பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து 17½ மாதம்வரை விரிகிறது. டெல்லிப் பிள்ளைகளும் அந்த ஆய்வில் உண்டு. பிள்ளைத்தமிழ் மரபிலும் வருகைப் பருவம் 13-ஆம் மாதம்தான். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டலாம். ஆயாவுக்கு யார் சொல்வது?

செவ்வாய்

மாப்பிள்ளை வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டிக் வளையம், உருளும் சக்கரம், பாட்டு வேறு. “இத திருப்பிக் குடுத்துடுங்க மாப்ள” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கனடாவில் 2004-லிருந்து இதை விற்கவே தடை. பிள்ளை நுனிக்காலால் தரையை உந்துகிறதே தவிர, உடம்பைத் தானாக நிறுத்தப் பழகுவதில்லை. தன் காலையும் பார்ப்பதில்லை. படிக்கட்டுள்ள வீட்டில் உருண்டு விழுந்தால் என்னாவது? நம்ம மர நடைவண்டி வேறு சங்கதி. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தள்ளும். அதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

வியாழன்

விழுகிறாள், எழுகிறாள். கேரன் அடால்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவினர் எண்ணியே பார்த்திருக்கிறார்கள்: 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். இதைக் கேட்டபிறகு மகள் பிள்ளை விழும்போதெல்லாம் அலறுவதை விட்டாள்.

ஷூ வேண்டாம், வெறுங்காலே நல்லது, தரையை விரல் பற்றும் என்கிறேன். மகளோ பிள்ளையின் பாதத்தைத் திருப்பிக் காட்டுகிறாள்: கரேலென்று இருக்கிறது. காலையில்தான் துடைத்த தரை. மகள் ராயபுரத்தில் நடை பழகியபோதும் இதே கரிதான். சென்னைத் துறைமுகத்து நிலக்கரிக்கு எதிராகச் சனங்கள் வழக்காடி, 2011-ல் உயர்நீதிமன்றம் தடை போட்டு, கரி எண்ணூருக்குக் குடிபோனது. மகளும் எண்ணூருக்கே வாழ்க்கைப்பட்டாள்!

வெள்ளி

மணலில் விட்டால் விழுந்தாலும் வலிக்காது என்று கடற்கரைக்குத் தூக்கிப் போனோம். எங்கே மணல்? கருங்கல் குவியல்தான். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியபின், தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகன்றது. ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்து, கல் கொட்டினார்கள். என் தலைமுறை மீனவப் பிள்ளைகள் நடை பழகிய கரை இது. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையைத் தாண்டி மறுபடி வீட்டுக்கே வந்தோம். மாடியில் பழைய பாயை விரித்துவிட்டாள் மகள்.

ஞாயிறு

பாயின் இந்த முனையில் நான், அந்த முனையில் ஆயா. நடுவிலிருந்து பேத்தி ஆயாவைப் பார்த்துப் போனாள்: கை இரண்டும் மேலே, வயிறு முன்னே. லாரி ஹார்ன் அடித்தது, உட்கார்ந்தாள், தானே எழுந்தாள். “நான்தான் நடக்க வெச்சேன்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டது கிழவி. மாப்பிள்ளை மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு போட ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறார். குக்கர் மேடையின் உள்பக்கம் போனது. ரிமோட் ஃபிரிட்ஜ் தலையில் ஏறிவிட்டது.