சரளைப் பாதையில் கற்ற பாடம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போய் வந்தவர்களிடம், “அங்கே என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயில்” என்றுதான் முதலில் சொல்வார்கள். நானும் மகள் வீட்டில் போய் இறங்கிய மறுநாளே பெருமாளைச் சேவித்துவிட்டேன். ஆனால் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, பிட்ஸ்பர்க் என்றதும் இப்போது மனசில் வந்து நிற்பது ஒரு சைக்கிள் சீட்! சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கம்பர்லண்ட் வரை 150 மைல் நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. ‘கிரேட் அலெகேனி பாஸேஜ்’ என்று பெயர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய வழி அது. ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக் கல்லைப் பொடியாக நொறுக்கிப் பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். 1986-ல் ஒஹாயோபைல் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதல் துண்டைத் திறந்தார்கள். 2013-ல்தான் முழுப் பாதையும் முடிந்தது. ரயில் ஏறிய வழி அல்லவா? செங்குத்தான ஏற்றமே கிடையாது. என் வயதுக்காரர்களும் தைரியமாகப் போகலாம்.

தார் போடாத சரளைச் சாலையில் சைக்கிள் விடுவது அங்கே ஒரு தனி மோகமாகவே ஆகியிருக்கிறது. கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய பந்தயத்தில் சரளையிலேயே 200 மைல் ஓட்டுகிறார்கள், பெண்களும் சேர்த்துத்தான். என் மகளுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் சனி, ஞாயிறு வந்தால் மாப்பிள்ளையும் அவளும் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம்.

“அம்மா, நீயும் வாயேன். சின்ன வயசிலே சைக்கிள் விட்டேன்னு சொல்லுவியே!” என்றாள்.

விட்டதென்னவோ வாஸ்தவம். அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டு, பிறகு கல்யாணம் வரை லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம், தையல் கிளாஸ் என்று சுற்றியவள்தான். அதற்குப் பிறகு 35 வருஷம் தொட்டதில்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது? பக்கத்து வீட்டு அம்மாள் தன் சைக்கிளை இரவல் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல அகலம். உள்ளே கொழகொழவென்று ஜெல் வைத்து, சோபா மாதிரி மெத்தென்று இருந்தது. “இதிலே உட்கார்ந்தா தூக்கமே வந்துடும்” என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் தெருவிலேயே ஓட்டிப் பழகினேன்.

முக்கூடலுக்குப் போன கதை

மே மாதம் ஒரு சனிக்கிழமை. ஒஹாயோபைலுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். யாக்கெகேனி என்ற ஆறு அந்த ஊர் நடுவில் ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து அகலமாக விழுகிறது. பெயர் வாயில் நுழையவில்லை என்று கவலைப்படாதீர்கள். உள்ளூர்க்காரர்களே சுருக்கமாக ‘யாக்’ என்றுதான் சொல்கிறார்கள்! அங்கிருந்து 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி கான்ஃப்ளுயன்ஸ். யாக் ஆற்றோடு இன்னொரு ஆறும் ஓர் ஓடையும் வந்து கூடுகிற ஊர். நம் பக்கமாக இருந்தால் முக்கூடல் என்று பெயர் வைத்துக் கரையில் ஒரு கோயிலும் கட்டியிருப்போம்.

மாப்பிள்ளை பேத்தியைக் காரில் வைத்துக்கொண்டு, “அத்தை, நீங்க ரெண்டு பேரும் நிதானமா வாங்க. நாங்க அங்கே காத்திருக்கோம்” என்று முன்னால் போய்விட்டார். நானும் மகளும் சைக்கிளில் கிளம்பினோம்.

ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் ஆறு. மேலே மரங்கள் பந்தல் போட்டிருந்தன. சக்கரத்துக்கு அடியில் கல்பொடி ‘சரசர’ என்று அரைபடும் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் தவிர வேறு ஓசை இல்லை. முதல் மூன்று மைல் சொர்க்கம்தான்.

நாலாவது மைலில் உட்காருகிற இடத்தில் ஒரு சுருக். ஐந்தாவது மைலில் வலி. ஆறாவதில் வலியும் போய் மரத்துப்போனது. தார் ரோட்டில் தெரியாத அதிர்வெல்லாம் சரளையில் ஒன்றுவிடாமல் உடம்பில் இறங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ‘அந்த இடத்தில் வலிக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லி நமக்குப் பழக்கமா என்ன?

அப்போதுதான் கவனித்தேன். எனக்கு முன்னால் போன மகள் நிமிஷத்துக்கு ஒரு தரம் சீட்டிலிருந்து எழுந்து எழுந்து நின்றுகொண்டு மிதித்தாள். கான்ஃப்ளுயன்ஸில் மரப் பெஞ்சில் உட்காரும்போது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் அதே மாதிரிதான் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

“உனக்குமாடீ?”

அவள் கண் கலங்கிவிட்டது. “சைக்கிளாலே மட்டும் இல்லேம்மா. பிரசவத்திலே தையல் போட்டாங்களே, அதுலேர்ந்தே இப்படித்தான். பத்து மாசமா தரையிலே உட்கார்ந்தாலே வலிக்குது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.”

“டாக்டர்கிட்டே சொன்னியா?”

“கேட்டாங்க. ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டேன்.”

கோபம் கோபமாக வந்தது எனக்கு. படித்த பெண், பெரிய உத்தியோகம் பார்க்கிறவள், இதைச் சொல்ல வெட்கமா என்று திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் ஆறு மைல் தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தவள் யார்? அவளைப் பெற்றபோது நானும் இதே வலியோடு ஒரு வருஷம் அடுப்படியில் நின்றவள்தானே? என் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. என் மகள் என்னிடம் சொல்லவில்லை. இதை மட்டும் சீர்வரிசை மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கிறோம்!

முதலில் வைத்தியம்

அடுத்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனேன். தையல் போட்ட இடத்துத் தழும்பு இறுகிப்போய், சுற்றியுள்ள தசைகளும் விறைத்திருக்கின்றன என்றார். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். அவரிடம் அனுப்பினார். தழும்பைத் தளர்த்தும் மசாஜ், மூச்சோடு சேர்த்துத் தசையைத் தளர்த்தும் பயிற்சி என்று இரண்டரை மாதம் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வலி விட்டது.

இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவமானால் குறைந்தது ஆறு வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே சைக்கிளைத் தொடலாம். சிசேரியன் ஆனாலும் இதேதான். அதன் பிறகும் வலியோ, அடிவயிறு கீழே இறங்குகிற மாதிரி கனமோ, சிறுநீர்க் கசிவோ இருந்தால் ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அட்டை வைத்து அளந்தார்கள்

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடையில் இருந்தது ஒரு பெண்மணி. என் மெத்தை சீட்டின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மெத்தென்று இருந்தால் சுகம் என்று எல்லாரும் ஏமாறுவது இங்கேதான்” என்றார்.

நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் அந்த முனைகள் உள்ளே அமுங்கிப்போகும். நடுவிலே உள்ள ஜெல் மேலே பிதுங்கி வந்து, நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான இடத்தை நெருக்கும். அதனால்தான் மரத்துப்போகிறது. ஆகவே சீட் கொஞ்சம் கெட்டியாக, ஆனால் நம் எலும்பின் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி ஆண்களைவிட அதிகம். ஆண்களுக்கென்று செய்த குறுகிய சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு வெளியே தொங்கும், பாரமெல்லாம் நடுவில் விழும்.

அளப்பது எப்படி? ஒரு நெளி அட்டையை, அதாவது அட்டைப்பெட்டியைக் கிழித்த துண்டை, ஒரு தாழ்வான ஸ்டூலில் போட்டு, மெல்லிய துணி உடுத்தி உட்காரச் சொன்னார். முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்படி குனிந்து, ஒரு நிமிஷம் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி தெரிகிறது. ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றக் குழியின் நடுவரை அளக்க வேண்டும். எனக்கு 13 செ.மீ. மகளுக்கு 11½ செ.மீ. வேடிக்கை என்னவென்றால் நான் ஒல்லி, அவள் சற்றுப் பூசினாற்போல் இருப்பாள்! உடம்பின் பருமனுக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. பார்வைக்கு அளந்து வாங்கினால் தப்பாகத்தான் போகும்.

அந்த அளவோடு 2 முதல் 2½ செ.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் வந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். முன்னால் குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் நடுவில் பள்ளமோ வெட்டோ உள்ள சீட் நல்லது. இந்த வெட்டு ஒன்றும் புதுசு இல்லை. 1890-களிலேயே நடுப்பக்கத்தில் அழுத்தாத சீட்டுகள் பெண்களுக்கென்று விற்பனைக்கு வந்துவிட்டன. நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து இருக்கிறது, நோயைச் சொல்லத்தான் நமக்கு வாய் வரவில்லை!

எங்கள் இருவருக்கும் இரண்டு சீட்டுகளை மாட்டி, “இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்” என்று கொடுத்தனுப்பினார். மகளுக்கு முதலாவது ஒத்துவரவில்லை, இரண்டாவதுதான் பொருந்தியது. புதுச் சீட்டில் முதல் இரண்டு மூன்று தரம் எலும்பு முனையில் லேசாக வலிப்பது சகஜம், அது பழகிவிடும். மரத்துப்போவது மட்டும் சகஜம் இல்லை. உடனே இறங்கிவிட வேண்டும்.

சீட் வாங்கினால் மட்டும் போதாது. அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் எழுதி வைத்திருக்கிறேன்:

பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். சீட் அதிக உயரமானால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடி உரசும்.

சீட் தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூக்குப் பக்கம் தூக்கியிருந்தால் வலி நிச்சயம். வேண்டுமானால் ஒரு நூலளவு தாழ்த்தலாம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்.

சரளைக்கு அகலமான டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடைத்தால் பாதி அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும். குண்டு குழி வந்தால் இரண்டு பெடலையும் சமமாக வைத்துக்கொண்டு சீட்டிலிருந்து இலேசாக எழும்ப வேண்டும்.

தூரம் போவதானால் உள்ளே பஞ்சுத் திண்டு தைத்த சைக்கிள் நிஜார் உதவும். அதற்குள் வேறு உள்ளாடை கூடாது, அதன் தையல்தான் தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. அதன்மேல் நான் சுரிதார் டாப்ஸ் போட்டுக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை! சவாரி முடிந்ததும் உடனே மாற்றி, ஒவ்வொரு தரமும் துவைத்து உலர்த்த வேண்டும்.

நீர் பிரியும் இடம்

அக்டோபரில் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் போனோம். இந்தத் தடவை மேயர்ஸ்டேல் என்ற ஊரிலிருந்து. அங்கே பழைய ரயில் நிலையம் இன்னும் இருக்கிறது. மலையெல்லாம் மஞ்சளும் குங்குமமும் அப்பினது போல மேப்பிள் இலைகள். மெல்ல மெல்ல ஏறி, எட்டு மைல் போனதும் பாதையின் உச்சி வருகிறது. 2,392 அடி உயரம். அங்கே விழும் மழையில் ஒரு பக்கத்துத் தண்ணீர் அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. மறுபக்கத்துத் தண்ணீர் ஒஹாயோ, மிசிசிப்பி என்று நாட்டையே சுற்றிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவில் போய்ச் சேருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி ‘பிக் சேவேஜ்’ குகைப்பாதை. அரை மைலுக்கும் மேல் நீளம். உள்ளே விளக்கு போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்களாம். சில்லென்ற அந்த இருட்டைக் கடந்து வெளியே வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் பள்ளத்தாக்கும்!

பத்து மைல் வந்திருந்தோம். எனக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகியது. மகள் வழியில் ஒரு தரம்கூட எழுந்து நிற்கவில்லை. குகைக்கு வெளியே ஒரு பாறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். அவள் அப்படிச் சப்பணம் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஏனென்று தெரியவில்லை.

“என்னம்மா அப்படிப் பாக்கறே?”

“ஒண்ணுமில்லே” என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, “வலி இருக்கான்னு பார்த்தேன்டீ” என்றேன்.

“இல்லேம்மா. இருந்தா சொல்லிடறேன்” என்று சிரித்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாளா? குழந்தை பெற்று வந்திருக்கும் மகளோ மருமகளோ இருக்கிறாளா? அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறாளா என்று பாருங்கள். அவளாகச் சொல்லமாட்டாள். நீங்களாகக் கேளுங்கள்.